கல்லுப்பு மோர்

ஒரு வாய் குடித்ததும் திருமலை தம்ளரைக் கவிழ்த்துவிட்டான்.

"இன்னா சாபிராக்கா, பச்சத்தண்ணிக்கு ரோஸ் கலர் அடிச்சு வெச்சிகீறே?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே எதிர்ப்பந்தலுக்கு நகர்ந்தார்கள். அங்கே திருமலையின் மனைவி குணசுந்தரி மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சாபிரா சர்பத் டிரம்முக்குள் கரண்டியை விட்டுத் துழாவினாள். சீனி அத்தனையும் ஐஸ் தண்ணீருக்கு அடியில் மணலாகக் கிடந்தது.

தேர் நாளில் சர்பத் பந்தல் போடுவது அவள் வீட்டுக்காரர் அத்தாவுல்லாவின் வழக்கம். அவர் மவுத்தானதும், "பொம்பளையால ஆவாது" என்றது கடைக்காரர் சங்கம். தேர் திரும்புவதற்குள் டிரம் காலியாகவில்லை என்றால், அடுத்த வருஷம் இந்த இடம் வேறு ஆளுக்கு.

குணசுந்தரி விறுவிறுவென்று வந்தாள். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கிப் பார்த்தாள். மிச்சமிருந்த சீனி மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஏய், அது என் சீனி!"

"கரைக்கத் தெரியாதவளுக்குச் சீனி ஒரு கேடா?"

எதிர்ப்பந்தலை ஒட்டிய குணசுந்தரி வீட்டில் மிக்ஸி அலற ஆரம்பித்தது. சாபிராவுக்குக் கண் கலங்கியது. பட்டப்பகலில் இப்படியும் ஒரு கொள்ளை!

மிக்ஸி நின்றது. குணசுந்தரி குண்டானோடு வந்தாள். உள்ளே மாவாய் அரைத்த சீனி.

"உன் ஊட்டுக்காரரு பாகு காச்சி ஊத்துவாரு. நீ அப்டியே கொட்டிக்கீறே. ஐஸ் தண்ணில முழுச் சீனி எந்தக் காலத்துல கரையும்? இத்தப் போட்டுக் கலக்கு. மசமசன்னு நிக்காத."

கரண்டி நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் பொடி மாயமாய் மறைந்தது.

அப்புறம் கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை. தேர் திரும்பும்போது சாபிரா டிரம்மைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். விசில் பறந்தது. கடைசித் தம்ளரை உறிஞ்சியபடி சங்கத் தலைவர் ஜஹாங்கீர் சொன்னார்: "அடுத்த வருஷமும் நீயேதாம்மா."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எதிர்ப்பந்தலுக்குப் போனாள்.

திருமலை மனைவியிடம் எகிறிக்கொண்டிருந்தான். "அவ சீனிய அரைச்சு நம்ம மிக்ஸி புகைஞ்சு பூட்ச்சு. இந்த அண்டாவுக்கு உப்ப எதுல பொடிக்கிறது? சாமிக்கு நேர்ந்த மோருக்குக் கல்லுப்புதான்னு வேற சொல்லிட்டே. சப்புனு கீதுன்னு ஒருத்தனும் வாயில வெக்கல!"

"கத்தாதய்யா, சாமி வருது."

சாபிரா அண்டாவுக்குள் கரண்டியை விட்டாள். அடியில் கல்லுப்பு கரகரத்தது.

ஒரு தம்ளர் முகந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு இன்னொரு தம்ளர் முகந்தாள்.