ஓபல் விற்காத துப்பாக்கி

பீன்ஸ் காய்களை ஊசியால் நூலில் கோத்துக்கொண்டிருக்கிறேன். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுக் காயவைத்தால் குளிர்காலம் முழுக்க வரும்.

போன வாரம் இதே வேலையில் இருந்தபோதுதான் கோயோட்டி நரி எங்கள் இரண்டாவது ஆட்டையும் இழுத்துக்கொண்டு போனது. பட்டப்பகலில். மிச்சம் ஒரே ஓர் ஆடு. என் மகள் ஜூனிக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாது. அந்த ஆட்டின் பால்தான் அவளுக்கு உயிர்.

என் கணவர் எஸ்டில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்திருக்கவில்லை.

"உங்கப்பா துப்பாக்கி இருந்திருந்தா ஒரே குண்டு. அதையும் வித்துக் குடிச்சாச்சு. நீங்கள்லாம் ஒரு ஆம்பளை!" என்றேன்.

மார்ச் மாதம் நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை இடிந்து அவர் தம்பி செத்துப்போனார். அடுத்த வாரமே துப்பாக்கியைக் காணோம். கேட்டால் பதில் இல்லை. குடிதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

அன்று நான் அப்படிச் சொன்னதும் எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார், இருட்டும் நேரத்தில் திரும்பினார்.

மறுநாள் ஜூனியை இடுப்பில் வைத்துக்கொண்டு தீவனக் கடைக்குப் போனேன். பின்பக்கம் துப்பாக்கி விற்பவள் ஓபல். அவள் வாய்க்கு ஊரே பயப்படும். கல்யாணமாகி வந்த இரண்டு வருஷத்தில் நான் அந்தக் கடைக்குள் நுழைந்ததே இல்லை. சொல்ல வேண்டியதை வண்டியிலேயே மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"மலிவா ஒரு செமி ஆட்டோமேடிக் வேணும் அக்கா."

தீவன மூட்டை மேல் காபி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரில் ஒருவர், "யாரைச் சுடப்போறே தங்கம்? புருஷனையா?" என்றார். மற்றவர் சிரித்தார்.

"நரியை," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"காபி ஓசியில கிடைக்குதுன்னா வாயையும் திறக்கணுமா? குடிச்சிட்டுக் கிளம்புங்க," என்று அவர்களைப் பார்த்து அதட்டினாள் ஓபல். என் பக்கம் திரும்பி, "இதுக்கு முன்னாடி துப்பாக்கி வச்சிருந்தியா?"

"இல்லக்கா."

மூன்று துப்பாக்கிகளை எடுத்து வைத்தாள். நான் விலைச்சீட்டில் குறைவாக இருந்ததைத் தொட்டேன்.

"விலையைப் பார்க்காதே. தோள்ல வச்சுப் பாரு. பிள்ளையை என்கிட்ட குடு."

முதலாவது என் கைக்கு நீளம். இரண்டாவது கறுப்பு பிளாஸ்டிக், பார்க்க மிடுக்கு. "இது குளிர்ல சிக்கும். நரி வரும்போது இது தூங்கும்," என்று தள்ளி வைத்தாள். மூன்றாவது மரப்பிடி போட்டது, ஏற்கெனவே யாரோ வைத்திருந்தது. தோளில் சொந்தம் மாதிரி உட்கார்ந்தது.

"இது இருபத்திரண்டு ரகம், சின்னக் குண்டு போடறது. உதைக்காது, குண்டும் மலிவு. ஒரு தடவை விசையை இழுத்தா அடுத்த குண்டு தானா ஏறிக்கும். அதனால ஒண்ணு சுட்டாச்சே, காலியாயிருக்கும்னு மட்டும் நினைச்சிடாதே. எல்லாரும் பண்ற தப்பு அது."

எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

அரசாங்கப் படிவத்தை நீட்டினாள். விரல் வைத்து எழுத்துக்கூட்டி நிரப்பினேன். பெயர், ஊர், முகவரி. அவள் தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று அவள் விரல் என் விரல் மேல் வந்து நின்றது.

"நீ எஸ்டில் பொண்டாட்டியா?"

"ஆமாக்கா."

துப்பாக்கியை எடுத்து மறுபடி சுவரில் மாட்டினாள். படிவத்தை நாலாகக் கிழித்தாள்.

"உனக்கு விக்க மாட்டேன். கிளம்பு."

"ஏன்க்கா? பணம் கொண்டாந்திருக்கேன்."

"என் கடை, என் இஷ்டம். கிளம்புன்னா கிளம்பு!"

மூட்டை மேல் இருந்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது. குடிகாரன் பெண்டாட்டி என்றால் இவ்வளவுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். ஜூனியை வாங்கிக்கொண்டு வந்து வண்டியில் உட்கார்ந்து அழுதேன். அடுத்த ஊரில் வேறு கடை இருக்கிறது, அங்கே போகலாம் என்று சாவியைத் திருகினேன்.

கண்ணாடியைத் தட்டினாள் ஓபல்.

"வேற கடைக்குப் போவேன்னு தெரியும். அதுக்கு முன்னாடி இதைப் படி. அங்க எல்லார் முன்னாடியும் சொல்ல முடியல."

ஓர் அட்டை. ஓரத்தில் கயிறு. எஸ்டிலின் கோணல் எழுத்து எனக்குத் தெரியும்.

'நான் வந்து அழுதாலும் இதை என்னிடம் தராதே. வீட்டில் அவளும் பிள்ளையும் இருக்கிறார்கள்.'

"அவனோட துப்பாக்கி என் பெட்டியில பூட்டியிருக்கு. தம்பியைப் புதைச்ச வாரம் அவனே கொண்டாந்து குடுத்தான். ராத்திரி தனியா இருந்தா கை அதுக்குப் போகுதுன்னான். யாருக்கும் சொல்லாதேன்னான், உனக்கும்தான். அப்புறம் மூணு தடவை திருப்பிக் கேட்டு வந்துட்டான். திட்டி அனுப்பினேன். அவன் துப்பாக்கியை நான் முழுங்கிட்டேன்னு ஊர்ல பேச்சு. பேசட்டும்."

அட்டையை இன்னொரு தடவை படித்தேன்.

"கடைசியா எப்ப வந்தார்?"

ஓபல் ஜூனியின் தொப்பியைச் சரிசெய்தாள்.

"நேத்து. நரிக்குன்னான். அவன் கண்ணைப் பார்த்தேன். குடுக்கல."

அன்றைக்கே அவள் வீட்டுக் கழுதையை எங்கள் கொட்டிலில் கொண்டுவந்து கட்டினாள். கழுதை உதைக்கும் என்று நரி இப்போது வேலிப் பக்கமே வருவதில்லை. வியாழக்கிழமை எஸ்டிலை டாக்டரிடம் அவளே கூட்டிப் போகிறாள்.

அட்டையைப் பார்த்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. அன்று 'ஆம்பளை' என்று சொன்ன அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கவும் இன்னும் வாய் வரவில்லை.

கொட்டில் பக்கமிருந்து கூப்பிடுகிறார். முன்பெல்லாம் நாலு தடவை கூப்பிட்டால்தான் எழுந்திருப்பேன். இப்போது முதல் குரலுக்கே ஓடிவிடுகிறேன். ஏனென்றால், என்றைக்காவது ஒரு நாள் அவர் கூப்பிடாமலே போய்விடுவாரோ என்று பயம்.