அசையாத ஆணி

ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் நான்கு இளம் எழுத்தாளர்கள் நடத்திய பதிப்பகத்துக்கு ‘ஆணி’ என்று பெயர். படிப்பவர் மனம் நோகாதபடி கதையைத் தாமே மாற்றிக்கொள்ளும் திரைப் புத்தகங்கள் அவர்களுக்கு ஆகாது. ஈய எழுத்துகளைக் கோத்து, காகிதத்தில் அழுத்தி அச்சடித்தார்கள். அடித்த ஆணி அசையாது என்று பெருமை வேறு. அவர்களில் ஒருத்தியான சால்கா, தன்னையும் அம்மாவையும் விட்டுப் போன அப்பாவைப் பற்றி நாவல் எழுதி, கிறிஸ்துமஸ் பரிசாக அவருக்கே அனுப்பினாள்.

அப்பா போனில் விசும்பினார். “என்னை மன்னிச்சிட்டியேம்மா! கடைசிப் பக்கத்துல நான் வீட்டுக்கே வந்துடறேனே!”

“நான் அப்படி எழுதவே இல்லையே! எதைப் போட்டுட்டுப் படிச்சீங்க?”

“புதுக் கண்ணாடி. மனசு நோகாத மாதிரி எழுத்தைக் காட்டும்.”

சால்கா தலையில் அடித்துக்கொண்டாள். “அதைக் கழட்டிட்டுப் படிங்கப்பா!”

“கழட்டினா எழுத்தே தெரியாதும்மா.”

“அப்ப நானே படிக்கிறேன், கேளுங்க.” கடைசி வரியைக் கத்தியே வாசித்தாள்: “அப்பா, உங்களை நான் மன்னிக்கவே மாட்டேன்!”

மறுமுனையில் மறுபடியும் விசும்பல்.

“எனக்கும் நீன்னா உசிருதாம்மா,” என்றார் அப்பா. “கண்ணாடியோட காது மெஷினும் வாங்கினேன். எவ்வளவு தெளிவாக் கேக்குது தெரியுமா!”