செங்கோடன் காடு விளையட்டும்

செங்கோடன் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, வெள்ளையன் குளிர்காய்ச்சலில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தான்.

அடுப்படியில் இருந்த அவன் மனைவி சின்னாயிதான் முதலில் பார்த்தாள். கீரை அரிந்துகொண்டிருந்த அரிவாளை அவள் கீழே வைக்கவில்லை.

நாலு வருஷமாக அந்த வாசலை மிதிக்காத மனுஷர். பக்கத்துக் காட்டுக்காரர். வெள்ளையனுக்குத் தாய்மாமன்.

மலைக்கு ரோடு வராத காலம் அது. வெள்ளைக்காரத் தொரை ஒருத்தர் நடந்தே ஏறி வந்து வெள்ளையனுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள், தேவனூர் நாட்டு ஊர் ஜனமெல்லாம் பார்க்க, செங்கோடன் கை நிறைய மண்ணை வாரி அவன் காட்டின்மேல் இறைத்தார். நம் சாமியை விட்டுப் போனவன் காட்டில் ஒரு பொட்டுத் தானியம் தேறக் கூடாது என்றார்.

அதற்குப் பிறகு வெள்ளையனுக்குக் களை எடுக்க ஆள் வரவில்லை. பொங்கலுக்கு அழைப்பு வரவில்லை.

ஆத்திரம் பொங்க, தொரை வேதம் சொல்லித்தர விட்டுப்போயிருந்த உபதேசியாரிடம் போய்க் கொட்டினான். அவர் சொன்ன பதில் அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சபித்தவரை ஆசீர்வதிக்க வேண்டுமாம். மனசுக்குள் முனகினால் போதாதாம். பேரைச் சொல்லி, வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம்.

முதல் நாள் வரப்பில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னான்.

"ஆண்டவரே, செங்கோட மாமன் காடு விளையட்டும்."

சொல்லிவிட்டு, எங்கே பலித்துவிடுமோ என்று பயந்தான்.

பலித்துவிட்டது.

அந்த வருஷம் செங்கோடன் காட்டுச் சாமை கதிர் தாங்காமல் சாய்ந்தது. வெள்ளையன் காட்டைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போனது.

"ஏனுங்க, ஆண்டவருகிட்ட நம்ம பேரையும் கொஞ்சம் சொல்லிப் பாக்கறது?" என்றாள் சின்னாயி.

அவன் சிரித்தான். ஆனால் நிறுத்தவில்லை.

வீம்புக்குத் தொடங்கியது மெல்லப் பழக்கமாயிற்று. ஒரு காட்டுக்காகத் தினமும் வேண்டுகிறவன் அந்தக் காட்டைத் தினமும் பார்த்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது. எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது, எந்தப் பலாவில் ஏறிய மிளகுக்கொடி வாடுகிறது என்று அவனுக்கு எல்லாமே தெரிந்துபோயிற்று.

மாமன் நொண்டி நடந்த நாளில் அவர் முழங்காலையும் வேண்டுதலில் சேர்த்துக்கொண்டான். அவர் மகள் ருக்குமணிக்கு இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்துத் தங்காமல் போனபோது அவளையும் சேர்த்துக்கொண்டான்.

போன மாசியில் அவளுக்குப் பெண் பிறந்து நன்றாக இருக்கிறது என்று காதில் விழுந்தது. அன்று முழுக்க வெள்ளையன் சீட்டியடித்துக்கொண்டே மண் வெட்டினான். ஏன் சீட்டியடிக்கிறோம் என்பது சாயங்காலம்தான் அவனுக்கே விளங்கியது. அவனுக்கு மாமன் மேல் கோபமே இல்லை. எப்போது போனது என்றும் தெரியவில்லை.

இத்தனைக்கும் செங்கோடன் ஒருநாள்கூட முகம் கொடுத்ததில்லை. அவன் வரப்பில் வந்து நின்றால், அவர் பலாவுக்கு அந்தப் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

இப்போது பாய்க்குப் பக்கத்தில் நிற்கிறார். மூச்சு வாங்குகிறது.

"மூணு நாளா ஏன்டா வரப்புக்கு வரல?"

வெள்ளையன் பயந்துபோனான். தினமும் தன் காட்டைப் பார்த்து என்னவோ சொல்கிறானே, செய்வினையாக இருக்குமோ என்று நினைத்துவிட்டாரா? இதைக் கொண்டுபோய் நாட்டுப் பஞ்சாயத்தில் வைத்தால், அவனும் சின்னாயியும் மலையை விட்டே இறங்க வேண்டியதுதான்.

"காய்ச்சலுங்க மாமா. எந்திரிக்க முடியல. அங்க நின்னு நான் கெட்டதா ஒண்ணும் சொல்லலீங்க..."

"என்ன சொல்றயின்னு எனக்குத் தெரியாதா? நாலு வருஷமா நின்னு கேக்கறனே."

அவர் பாயோரம் குந்தினார்.

"சாமை பால் புடிக்கற நேரம். இந்த நேரம் பாத்து நிறுத்திப்போட்டயே மாப்ளே."

சின்னாயி அரிவாளை முறத்தில் வைத்தாள். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

வெள்ளையன் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தான்.

"இப்பவே வாரனுங்க மாமா."

செங்கோடன் அவன் தோளைப் பிடித்து அமுக்கிப் படுக்க வைத்தார். உடம்பின் சூடு கையில் பட்டதும் அவர் முகம் மாறிற்று. நழுவிக் கிடந்த கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். பிறகு, திருடியதை ஒப்புக்கொள்கிறவரைப் போல, கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கெட, கெட. மூணு நாளும் உன்ற காட்டுக்கு நான்தான் நின்னு சொல்லிக்கிட்டிருக்கறேன். உன்ற சாமி பேரு எனக்கு வாயில வரல. அதனால உன்ற பேரையே சொல்லி வெச்சேன்."