தட்டு மாற்றும் நேரம்

மகள் சொன்னது அவருக்குப் புரிந்துவிட்டது.

தட்டு கையில் இருந்தது. தேங்காய், வெற்றிலை பாக்கு, மல்லிகைச் சரம். எதிரே மாப்பிள்ளையின் அப்பா இன்னொரு தட்டோடு நின்றார். மாற்றிவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

அவர் தட்டை நீட்டவில்லை.

கூடத்தின் அந்தப் பக்கம் மகள் பவதாரணியும் அவளுடைய ஹாஸ்டல் தோழி ஜெசிந்தாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். கைகளால்தான். இரண்டு பேருக்குமே காது கேட்காது. கூடம் நிறையச் சனம். ஆனாலும் ஒளிவுமறைவே இல்லை. யாருக்குப் புரியப்போகிறது?

பிள்ளைகள் ஏதோ விளையாடுகிறார்கள் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள்.

அவரும் இத்தனை வருஷம் அப்படித்தான் சிரித்தார். வீட்டுப் பாஷை ரொம்பச் சின்னது. சாப்பிடு. வா. தூங்கு. கதவைச் சாத்து. அதற்குமேல் மகளிடம் பேச என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தார். நினைப்பென்ன நினைப்பு, சோம்பேறித்தனம்.

ரிட்டயர் ஆன பிறகுதான் புத்தி வந்தது.

வாக்கிங் போகிறேன் என்று மனைவி வளர்மதியிடம் சொல்லிவிட்டு, பஸ் ஏறிச் சைகை மொழி வகுப்புக்குப் போனார். வகுப்பிலேயே வயதானவர் அவர்தான். சொன்ன பேச்சை விரல் கேட்காது. மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வெட்கத்தைப் பார்க்காமல் படித்தார். நிச்சயதார்த்தத்தன்று மகளிடம் திடீரென்று கையால் பேசி அவளை அசத்திவிட வேண்டும் என்று ஆசை.

அசந்துபோனது அவர்தான்.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்று சொல்லுக்கு ஒன்று பிடிபட்டது. மாப்பிள்ளை. சட்டை. இறுக்கம். ஜெசிந்தா வயிற்றை உப்பிக் காட்டினாள். பவதாரணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடேயப்பா, என் மகள் இவ்வளவு கிண்டல்காரியா!

அப்புறம் ஜெசிந்தா தன் கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஏதோ கேட்டாள். அது என்ன சொல் என்று அவருக்கு விளங்கவில்லை. வகுப்பில் சொல்லித் தரவில்லை.

ஜெசிந்தா மறுபடி தட்டினாள். பவதாரணி நிமிர்ந்து பார்த்தாள்.

பெயர்.

அவர்களுக்குள் மகளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

'எனக்குக் கல்யாணம் வேண்டாம்' என்றது பவதாரணியின் கை. விட்டுப்போன சொற்களை அவர் ஊகித்துக்கொண்டார். 'டீச்சர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. போக வேண்டும்.'

'வீட்டில் சொல்லவில்லையா?'

'போனில் எழுதிக் காட்டினேன். அப்பா பாதிகூடப் படிக்கவில்லை. தலையைத் தடவிவிட்டு ஓடிவிட்டார்.'

அவருக்கு அந்தச் சாயங்காலம் நினைவு வந்தது. மகள் வாசலில் போனை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் பஸ்ஸுக்கு ஓடினார்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று.

'அப்புறம் மாப்பிள்ளை போட்டோவைக் காட்டினார்கள். தலையாட்டினேன். ஆட்டாமல் விடமாட்டார்கள்.'

'அப்பாவிடம் இன்னொரு தடவை சொல்லிப் பாரேன்.'

பவதாரணி திரும்பி அவரைப் பார்த்தாள். நேராக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சுவருக்கு முன்னால் பேசுகிற மாதிரி, அவ்வளவு தைரியமாக.

'அப்பா நல்லவர். ஆனால் அவருக்கு என் பெயரே தெரியாது.'

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

தொட்டிலில் போட்டு மூன்று முறை காதில் சொன்ன பெயர். பவதாரணி, பவதாரணி, பவதாரணி. எந்தக் காதில் சொன்னோம்?

"பொண்ணுக்குச் சம்மதம்தானே?" மாப்பிள்ளையின் அப்பா சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

"அதெல்லாம் அன்னைக்கே தலையாட்டிட்டா," என்றாள் வளர்மதி. முகமெல்லாம் பூரிப்பு.

எதிர்த் தட்டு முன்னால் வந்தது.

அவர் தன் தட்டைக் கீழே வைத்தார்.



மகளைப் பார்த்துத் தன் கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

மகள் பார்க்கவில்லை. ஜெசிந்தா பார்த்துவிட்டாள். பார்த்தவள் வாய் பிளந்து, பவதாரணியின் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

அவர் மறுபடி தட்டினார்.

பவதாரணியின் கைகள் பாதிப் பேச்சில் நின்றுபோயின. முகம் வெளுத்துவிட்டது. தான் இத்தனை நாள் அப்பாவுக்கு எதிரிலேயே பேசியதெல்லாம் ஒரே நொடியில் அவள் கண்ணில் ஓடுவதை அவர் பார்த்தார். பாவமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

'கல்யாணம் வேண்டாமா?' என்று கேட்டார். கேட்டதாக நினைத்தார். விரல்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன.

"மச்சான், கைக்கு என்ன ஆச்சு?" என்று பதறினான் வளர்மதியின் தம்பி. "இழுத்துக்கிச்சா?"

யாரோ தண்ணீர் கொண்டுவர ஓடினார்கள்.

பவதாரணி எழுந்தாள். பட்டுப்புடவை தடுக்க, சனத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தார். அவள் அவருடைய வலது கையைப் பிடித்தாள். மடங்கியிருந்த கட்டைவிரலை நிமிர்த்தினாள். மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினாள்.

'மறுபடி' என்றாள்.

அவர் மறுபடி கேட்டார்.

அவள் பதில் சொல்ல ஆரம்பித்தாள். மெதுவாக. அவருக்காக ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி. அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. துடைத்தால் ஒரு சொல் போய்விடும்.

யாரோ பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். வளர்மதி. பூரிப்பெல்லாம் வடிந்திருந்தது. அவள் பார்வை மகளின் கைகளை விட்டு நகரவில்லை.

"ஏங்க, அவ என்னங்க சொல்றா?"