முதுகு ஊசிக்கு முன்னால்

மயக்க மருத்துவரின் கையில் ஊசி தயாராக இருந்தது. ஓய்வுபெற்ற ரயில் கார்டு, ஆபரேஷன் மேசையில் முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தார்.

மூட்டு மாற்று அறுவை. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஒரே ஒரு ஊசி.

ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை நிறுத்திவிட்டீர்கள்தானே என்று மருத்துவர் கடைசியாக ஒரு தடவை கேட்டுவைத்தார்.

"போன திங்கக்கிழமை காலைல ஏழு மணியோட நிறுத்தியாச்சு டாக்டரம்மா."

முப்பது வருஷம் ரயிலுக்குக் கொடி காட்டிய மனிதர். கோப்பில் மூன்று இடத்தில் இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார், மணியோடு.

மருத்துவர் முதுகெலும்பைத் தடவி இடம் பார்த்தார். அப்போதுதான் கார்டின் இடது கை கண்ணில் பட்டது.

நரம்பு கிடைக்காமல் நர்ஸ் குத்தி எடுத்த இடம். அரை மணி நேரமாகியும் ரத்தம் நிற்கவில்லை. நர்ஸ் நாலாவது பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கையில் கசிந்தால் பஞ்சு இருக்கிறது. முதுகுக்குள் கசிந்து கட்டிக்கொண்டால் தண்டுவடம் நசுங்கிவிடும். நன்றாக நடக்கவேண்டும் என்று வந்தவர் இரண்டு காலும் விளங்காமல் வீட்டுக்குப் போவார்.

ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார்.

அறுவை மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். செருமினால் செருமட்டும்.

கார்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தன் சொல்லில் சந்தேகமென்றால் வெளியே இருக்கும் மனைவியைக் கேட்கட்டும் என்று சீறினார்.

மருத்துவர் வெளியே வந்தார். கார்டின் மனைவி மடியில் பையோடு, முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். கேள்வியைக் கேட்டதும் சுற்றுமுற்றும் பார்த்து, மருத்துவரை ஓரமாக அழைத்துப்போனார்.

அந்த மனுஷர் மாத்திரையை ஒருநாளும் முழுங்கியதில்லையாம். காலையில் வாயில் போடுவதுபோல் போட்டு, ஜன்னலோரச் செடித் தொட்டியில் துப்பிவிடுவாராம். நாலு வருஷமாக இந்த அம்மாதான் தனியாக மாத்திரை அட்டை வாங்கி ஒளித்துவைத்து, வேளை தவறாமல் பொடித்துப் பாலில் கலந்து கொடுக்கிறார். நேற்று ராத்திரியும் கொடுத்தார்.

மருத்துவர் சுவரில் சாய்ந்துகொண்டார். நிறுத்தச் சொன்னது தெரியாதா என்று கேட்பதற்குள் அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவரத்தானேம்மா நிறுத்தச் சொன்னீங்க? என்னை யாருமே நிறுத்தச் சொல்லலையே!"