நெடி போன வீடு

“உசுருள்ளது எதுவும் உள்ள இருக்கக் கூடாதுங்க,” என்றார், நெடியைப் போக்கும் ஓசோன் மெஷினைப் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த ஐசக். “இந்தக் காத்து நெஞ்சைப் பிடிக்கும். மெஷின் நின்னதும் ஜன்னலைத் திறந்துவிட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு உள்ள போங்க.”

நாராயணப்பன் ஆட்டை அவிழ்த்து வெளியே கட்டினார். பட்டுக்கூடு வேகவைக்கும் நெடி தாங்காமல் ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் வாசலோடு திரும்பியிருந்தது. மூன்றாவது, இன்று சாயங்காலம் வருகிறது.

“நானும் வெளிய போகணுமாப்பா?” என்றாள் மகள் ரத்னம்மா.

“நீயும்தாம்மா.”

அவள் ஆட்டின் பக்கத்தில் போய் நின்றாள். பூட்டிய வீட்டுக்குள் மெஷின் இரைந்தது.

சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்ததும் மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

“பட்டுநூல் எடுக்கிற வீடுன்னாங்க. ஒரு வாசனையும் இல்லையே!”

நாராயணப்பனுக்கு உயிர் வந்தது. “ரத்னம்மா, காபி கொண்டாம்மா.”

ரத்னம்மா டம்ளரை நீட்டினாள். வாங்க வந்த கை பாதியில் நின்றது. அந்த அம்மாளின் முந்தானை மூக்குக்குப் போனது.

பத்து வருஷமாக வெந்நீரில் கூட்டைத் துழாவிய விரல்கள். மஞ்சள் தேய்த்தும் நெடி போகவில்லை. டம்ளரின் சூடுகூட அவற்றுக்கு உறைக்கவில்லை.

“மெஷின் ஓடுறப்ப நான் வெளிய நின்னுட்டேங்க,” என்றாள் ரத்னம்மா.