இரண்டு முலாம்பழம்

உண்மைக்கு அன்று புகாரா நகரத்தில் விலை, இரண்டு முலாம்பழம். வந்தவர் பேரம் பேசவில்லை. டாக்ஸிக்காரர்தான் இரண்டையும் சுமந்து வந்து பரிசோதனைக்கூடத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

"எங்க கடைப் பழம்மா. நான் ரஜப், ஹோஷிமோட தம்பி. போன மாசம் அண்ணனுக்கு ஒரு சிறுநீரகத்தை எடுத்தாங்களே, அதைச் சோதிச்சது நீங்கதானாமே?"

"பழ வியாபாரிக்கு ரெண்டு பழம் தூக்க ஆள் வேணுமா?" டாக்டர் மவ்ஜுதா சிரித்தார்.

"முதலாளி ஆயிட்டா கை வலிக்கும்மா."

மவ்ஜுதா எழுந்து கதவைச் சாத்தினார். நோயாளியிடம் நோயைச் சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது. உறவுக்காரர் காதில்தான் போடுவார்கள்.

"இருபது வருஷமா கல்லை உள்ளயே வச்சிருந்தாரு. அது உரசி உரசி சதையே மாறிப்போச்சு. புத்துநோய் அண்ணே, ரொம்ப அபூர்வமானது. வெட்டி எடுத்துச் சோதிக்கிற வரைக்கும் யாருக்குமே தெரியல."

வந்தவர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்தார். "பொழைப்பாரா?"

"சத்தியம் பண்ண மாட்டேன். மிச்சம் உள்ள இருக்கு, உடனே மருந்து ஏத்தணும். இல்லேன்னா அடுத்த நவ்ரூஸ் புத்தாண்டு வரைக்கும் தாங்காது. ஆனா உங்க அண்ணன் வர மாட்டேங்குறாராமே?"

"எப்படி வருவாரு? பொண்டாட்டி கல்லுங்கிறா, மகன் கல்லுங்கிறான், அறுத்த டாக்டர் கல்லை சீசாவுல போட்டுக் கையிலயே குடுத்துட்டாரு. எடுத்த கல்லுக்கு எதுக்கு மருந்துங்கிறாரு. ஆனா அடுப்படியில அழுகைச் சத்தம் கேக்குது. என்னன்னு கேட்டா, வெங்காயமாம். யாரைக் கேட்டாலும் சிரிக்கிறாங்க. மூச்சு முட்டுதும்மா அந்த வீட்டுல."

"சத்து ஊசின்னு சொல்லிக் கூட்டிட்டு வாங்க. உண்மையை மட்டும் உளறிடாதீங்க."

"நாளைக்கே வந்துடுவாரு. படுக்கை சொல்லி வைங்க." இடுப்பின் பக்கவாட்டில் கையை ஊன்றி மெல்ல எழுந்தார்.

மவ்ஜுதா பேனாவை எடுத்தார். "கூட இருந்து பார்த்துக்கிறது தம்பி ரஜப்னு எழுதிக்கட்டுமா?"

"எழுதாதீங்கம்மா, ஹோஷிமுக்குத் தம்பியே கிடையாது. வீட்டுல எனக்கு ஒரு பொய் சொன்னாங்க, நான் உங்களுக்கு ஒண்ணு சொன்னேன், கணக்கு நேர்."